வேலை போனால் பெர்மிட்டும் போய்விடுமா?

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் கன்டோனிலிருந்து (கன்டோன் என்றால் நம் மாநிலம் மாதிரி) ஒரு மின் பொறியாளர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். எல்லோரும் தூங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன் என்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 43. பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர், கோவையில் பி.இ. முடித்தவர். 8 வருடம் 10 மாதம் முன்பு மனைவியோடும் 2 வயது மகளோடும் சுவிஸ் வந்தார். அன்றிலிருந்து ஒரே கம்பெனி, சுமார் 180 பேர், பவர் கன்வர்ட்டர் செய்கிறார்கள். மகன் இங்கே பிறந்தவன், இப்போது 6 வயது. மகளுக்கு 11, ஐந்தாம் வகுப்பு. எல்லோருக்கும் பி பெர்மிட் (அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய தங்கும் அனுமதி), அடுத்த புதுப்பிப்பு 5 மாதத்தில். ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் இவருடைய ஜெர்மன் "மிக்ரோ சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரோடு சரி". பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மனைவிதான் போகிறார், அவருக்குத்தான் பேச வரும். மனைவி எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர், "டிபென்டென்ட் பெர்மிட் என்பதால்" இத்தனை வருடமும் வீட்டில். ஊரில் அம்மாவுக்கு 71 வயது, தனியாக இருக்கிறார், மூன்று மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. கோவை ஃபிளாட்டுக்கு இன்னும் ஆறு வருட இ.எம்.ஐ. பாக்கி.

போன வாரம் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, 25 பேரைக் குறைக்கிறோம், அதில் நீங்களும் உண்டு, கௌரவமாகப் பிரிந்துகொள்ளலாம் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். இரு தரப்பும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. கையெழுத்துப் போட்டால் அந்த மாதக் கடைசியோடு வேலை முடியும், 4 மாதச் சம்பளம் மொத்தமாக வரும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

அவர் கேட்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "மேடம், வேலை போனால் ஒரு மாதத்தில் நாட்டை விட்டுப் போகச் சொல்வார்களாமே? அரசாங்கப் பணம் வாங்கினால் சி பெர்மிட் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைக்காது என்று கோவிலில் பார்த்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் சொன்னார். பையன் இங்கே பிறந்தவன், அவனை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? சி பெர்மிட் வந்ததும் அம்மாவைக் கூட்டிவந்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நாள் ஓட்டினேன். நாம் என்ன இருந்தாலும் வந்தேறிகள், இவர்களை எதிர்த்துப் பேச முடியுமா? பேசாமல் கையெழுத்துப் போட்டு, பென்ஷன் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூக்கமே இல்லை, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது."

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உங்களுக்கே கண்ணில் படாத ஒரு எண் இருக்கிறது. நீங்கள் இந்த நாட்டில் 10 வருடத்தை முடிக்க இன்னும் 14 மாதம்தான். மூன்றாம் நாட்டுக்காரர்கள், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற நம்மைப் போன்றவர்கள், சாதாரண வழியில் சி பெர்மிட் கேட்பது 10 வருடத்தில். இந்த 14 மாதத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. அம்மா, பிள்ளைகள், பென்ஷன் பணம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவை.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது

4 மாதச் சம்பளம் என்றதும் பெரிதாகத் தெரிகிறது. கணக்குப் பார்ப்போம். பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தையும் சேர்த்து மாதம் 10,400 பிராங்க் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக 41,600. கம்பெனியே உங்களை நீக்கினால் என்ன ஆகும்? வேலை ஒப்பந்தங்களுக்கான சுவிஸ் கடமைச் சட்டப்படி இரண்டாம் வருடத்திலிருந்து ஒன்பதாம் வருடம் வரை 2 மாத நோட்டீஸ், பத்தாம் வருடத்திலிருந்து 3 மாதம் (உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கால அளவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்). நீங்கள் இப்போது ஒன்பதாம் வருடத்தில் இருக்கிறீர்கள், இரண்டு மாதம் கழித்துப் பத்தாம் வருடம் தொடங்குகிறது. நோட்டீஸ் கடிதம் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள். மேலாளர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காலண்டரை நீங்களும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக அவர்கள் தருவதாகச் சொல்லும் 4 மாதத்தில் 2 மாதம் எப்படியும் உங்களுடையது. மீதி 2 மாதத்துக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பதைப் பாருங்கள். சம்மதித்து விலகினால், வேலையில்லாக் கால இன்சூரன்ஸ்காரர்கள் நீங்களாகவே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் 31 முதல் 60 நாள் வரை அவர்கள் தரும் படி நிறுத்தம். உங்கள் சம்பளத்துக்கு ஒரு நாள் படி ஏறக்குறைய 383 பிராங்க் வரும், ஆக இழப்பு கிட்டத்தட்ட 12,000 முதல் 23,000 வரை. கூடவே நோய்க்காலப் பாதுகாப்பும் போகும். ஆறாவது வருடத்திலிருந்து, உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது 180 நாள் வரை உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது. ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்தக் காலக் கணக்கு நின்று, குணமான பிறகு தொடரும். இதை ஏதோ சாமர்த்தியம் செய்வதற்காகச் சொல்லவில்லை. தூக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த வாரமே குடும்ப டாக்டரைப் போய்ப் பாருங்கள். 43 வயதில் நெஞ்சு அடைப்பதை ஆபீஸ் கவலை என்று நாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது.

இன்னொன்று. 180 பேர் வேலை பார்க்கிற இடத்தில், 30 நாளுக்குள் பத்தில் ஒரு பங்கு ஆட்களை, அதாவது 18 பேரை நீக்கினாலே சட்டப்படி அது கூட்டு ஆட்குறைப்பு. இவர்கள் சொல்வது 25. அப்படியானால் முதலில் ஊழியர்களிடம் எழுத்தில் தகவல் கொடுத்து, மாற்று யோசனை சொல்ல அவகாசம் தரவேண்டும், கன்டோன் தொழில் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் நீக்கினால் 2 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு கேட்கலாம். எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசாமல் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுத் தாளை நீட்டுகிறார்கள் என்றால், இந்த நடைமுறை நடந்ததா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மற்ற 24 பேர் யார் யார் என்று விசாரியுங்கள். கான்டீனில் காபி குடித்தாலே பாதிப் பேர் தெரிந்துவிடும். (நஷ்டஈட்டுத் திட்டம், சோஷியல் பிளான் என்பதெல்லாம் குறைந்தது 250 பேர் உள்ள கம்பெனிக்குத்தான் கட்டாயம், அதை எதிர்பார்க்காதீர்கள்.)

வந்தேறி எதிர்த்துப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பாடன் நகரத்தில் 1891-இல் மின் இயந்திரத் தொழிற்சாலையைத் தொடங்கிய இரண்டு பேரில் வால்ட்டர் பொவேரி ஜெர்மனியின் பாம்பெர்க்கிலிருந்து வந்தவர். இன்னொருவரான சார்ல்ஸ் பிரவுனின் அப்பா இங்கிலாந்திலிருந்து விண்டர்டூருக்கு வேலைக்கு வந்த பொறியாளர். அந்தப் பள்ளத்தாக்கே வெளியூர் இஞ்சினியர்கள் சோறு சம்பாதித்த இடம். அப்புறம், தொழிலாளர் சட்டத்தில் நோட்டீஸ் காலத்துக்குப் பாஸ்போர்ட் நிறம் பார்க்கிற பிரிவு எதுவும் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? மேலாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஒப்பந்தம் வேண்டாம், நீக்குவதென்றால் கம்பெனியே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கட்டும் என்று. வந்த பிறகு காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கேட்டால் தந்தாக வேண்டும். நோட்டீஸ் நியாயமற்றது என்று தோன்றினால், நோட்டீஸ் காலம் முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், வேலை முடிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் வழக்குப் போடவேண்டும். உங்கள் வேலையைப் பற்றிய இடைக்காலச் சான்றிதழையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், மேலாளர் மாறிவிட்டால் நல்ல வார்த்தை எழுத ஆள் இருக்காது.

பெர்மிட் அன்றைக்கே செத்துவிடாது

ஒரு மாதத்தில் கிளம்பச் சொல்வார்கள் என்பது வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் ஆட்களிடம் ஒட்டிக்கொண்ட பயம். இங்கே அப்படி இல்லை. உங்கள் பி பெர்மிட் அதில் அச்சிட்டிருக்கும் தேதி வரைக்கும் செல்லும். வேலைக்காகக் கொடுத்த பி பெர்மிட் உள்ளவர் நாடு முழுவதும் வேலை மாறலாம், அதற்குப் புதிய ஒதுக்கீடும் (வெளிநாட்டவருக்கான கோட்டா) வேண்டாம், உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்கவும் வேண்டாம். பல கம்பெனிகளின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கே இது தெரியாது. இந்தியர் என்று பார்த்ததும் பழைய ஒதுக்கீட்டுத் தலைவலி என்று நினைத்து சி.வி.யை ஓரம் தள்ளிவிடுகிறார்கள். முதல் பக்கத்திலேயே "பி பெர்மிட், வேலை மாறத் தனி அனுமதி தேவையில்லை" என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு முன் உங்கள் பெர்மிட்டிலோ அதோடு வந்த உத்தரவுக் கடிதத்திலோ ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து 5 மாதம் கழித்து வரும் புதுப்பிப்பில் இருக்கிறது. அதை மறைத்து உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். வேலைக்காகக் கொடுத்த பெர்மிட், வேலை இல்லாதபோது புதுப்பிப்பது அலுவலகத்தின் முடிவுக்கு உட்பட்டது. இன்சூரன்ஸ் படி ஓடிக்கொண்டிருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் பள்ளியில் நன்றாக இருக்கிறார்கள், வேலை தேடுகிறீர்கள் என்றால் நிலைமை சாதகமாகத்தான் இருக்கும், ஆனால் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தேதி முக்கியம். விண்ணப்பத்தைக் காலாவதிக்கு 3 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், கடைசி 2 வாரத்துக்குள் போகக் கூடாது. உங்களுக்கு அந்த ஜன்னல் இன்னும் 2 மாதத்தில் திறக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் சம்பளத்தில் இருக்கிறீர்களா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டில் இருக்கிறீர்களா என்பது பெரிய வித்தியாசம். நோட்டீஸ் வந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் அது ஒன்றே பெர்மிட்டை ரத்து செய்யப் போதுமான காரணம்.

வேறு கன்டோனில் வேலை கிடைத்தால் தாராளமாகப் போய் வாருங்கள், ஆனால் வேலை இல்லாத காலத்தில் வாடகை குறைவு என்று வீட்டை வேறு கன்டோனுக்கு மாற்றாதீர்கள். மாறும் உரிமை வேலையில் இருப்பவருக்குத்தான்.

வேலையில்லாக் காலப் பணமும் யாழ்ப்பாணத்து அண்ணரும்

அந்த அண்ணர் பொய் சொல்லவில்லை. அவர் பட்டது வேறு. எண்பதுகளில் அகதிகளாக வந்து, ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவி, வருடக்கணக்கில் தற்காலிக அனுமதியில் கிடந்து முன்னேறியவர்களுக்கு "அரசாங்கப் பணம்" என்றால் சோஷியல் உதவி. அதை வாங்கினால் பெர்மிட்டுக்கு ஆபத்து என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. நீங்கள் வாங்கப்போவது அந்தப் பெட்டியிலிருந்து இல்லை. உங்கள் சம்பளச் சீட்டில் ஏஎல்வி என்று ஒரு வரி இருக்கும், மாதாமாதம் 1.1 சதவீதம், அதே அளவு கம்பெனியும் கட்டுகிறது. ஏறத்தாழ 9 வருடமாகக் கட்டிய இன்சூரன்ஸ். சட்டப்படி உரிமையுள்ள இந்த வருமானத்தை, சொந்தக் காலில் நிற்பதன் கணக்கிலேயே சேர்க்கிறார்கள்.

பிள்ளைகள் இருப்பதால் சம்பளத்தில் 80 சதவீதம், உங்களுக்கு மாதம் 8,320 பிராங்க் வாக்கில், அதிலும் பிடித்தங்கள் உண்டு. காத்திருப்பு 5 நாள். கடைசி 2 வருடத்தில் 18 மாதமாவது கட்டியிருந்தால் 400 நாள் படி, வாரத்துக்கு 5 நாள் கணக்கு என்பதால் அது சுமார் 18 மாதம் வரும். இப்போதே நோட்டீஸ் கொடுத்தாலும் 2 மாதம் சம்பளம், பிறகு 18 மாதம் படி. உங்களுக்கு வேண்டியது 14 மாதம். இதைப் படித்த பிறகு இன்றைக்காவது கொஞ்சம் தூங்குவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ராஃப்காரர்கள், அதாவது வட்டார வேலைவாய்ப்பு அலுவலகத்தார், கறாரானவர்கள். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்தே வேலை தேடிய ஆதாரம் கேட்பார்கள், வேலை முடிந்த பிறகு என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு மாதமும் விண்ணப்பித்த பட்டியலை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் படியில் கை வைப்பார்கள். நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது. 60 நாள் முடிந்தால் 5 நாள் விடுப்பு, அவ்வளவுதான். அம்மா விஷயத்தில் இது உங்களை உறுத்தும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் காலத்தில் மிச்சமிருக்கும் லீவை எடுத்து ஒருமுறை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தக் காலத்தில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வரி, வாடகை எதுவும் பாக்கி நிற்கக் கூடாது. பெட்ரைபுங் பதிவேட்டில், அதாவது கடன் வசூல் பதிவேட்டில், ஒரு வரி விழுந்தால் சி பெர்மிட் நேரத்தில் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கோவை இ.எம்.ஐ.யா, இங்கே பிரீமியமா என்ற நிலை வந்தால் வங்கியிடம் பேசி அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், இங்கே உள்ளதைக் கட்டுங்கள்.

சி பெர்மிட்டுக்கு மொழிச் சான்றும் வேண்டும். 10 வருட வழிக்குப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1, இரண்டும் தொடக்க நிலைதான். ஃபீடே தேர்வு எழுதலாம், அன்றாட வாழ்க்கையை ஒட்டித்தான் கேட்பார்கள். 5 வருடம் முடிந்ததும் பேச்சில் பி1 காட்டி முன்கூட்டியே கேட்கிற வழி ஒன்று உண்டு, நீங்கள் இதுவரை அதைப் பயன்படுத்தவில்லை. போனது போகட்டும், ஆனால் ஜெர்மன் வகுப்பில் இந்த வாரமே சேருங்கள். 10 வருடம் முடிந்தாலும் சி பெர்மிட் தானாக வந்து விழாது, தருவதும் மறுப்பதும் அலுவலகத்தின் கையில், அதனால் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு எம்.எஸ்ஸி.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த வரி இதுதான். பி பெர்மிட்காரரின் மனைவிக்கு இங்கே வேலை செய்ய உரிமை உண்டு. எந்த கன்டோனிலும், சுயதொழில் உட்பட. முதல் நாளிலிருந்தே உண்டு. அமெரிக்க விசா கதைகளைக் கேட்டு யாரோ சொன்னதை நம்பி இத்தனை வருடம் போயிருக்கிறது. சுவிஸ் பள்ளியில் ஆசிரியராவது இப்போதைக்குக் கஷ்டம், அதற்குப் பட்ட அங்கீகாரமும் மிக உயர்ந்த ஜெர்மனும் கேட்பார்கள். ஆய்வகம், தரக்கட்டுப்பாடு, மருந்துத் துறை இவற்றுக்கு அந்தத் தடை இல்லை. பாசல் உங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான். பட்டத்தின் மதிப்பைச் சொல்லும் பரிந்துரைக் கடிதத்தை சுவிஸ் எனிக் அமைப்பிடம் கேட்டு வாங்கலாம். இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு முதல் வேலை சின்னதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. வீட்டில் ஒரு சம்பளம் வந்தால் பெர்மிட் அலுவலகம் உங்கள் கோப்பைப் பார்க்கும் பார்வையும் மாறும்.

இதைச் சொல்வதற்கு நீங்கள் முதலில் அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பயமுறுத்த வேண்டாம் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தையும் கெமைண்டேயையும் (உள்ளூராட்சி அலுவலகம்) டாக்டரையும் ஜெர்மனில் சமாளிக்கிறவர் அவர். இந்த வீட்டில் இந்த நாட்டை அதிகம் தெரிந்தவரை இருட்டில் வைத்துவிட்டு என்ன திட்டம் போடப் போகிறீர்கள்?

பிள்ளைகள்

பையன் இங்கே பிறந்தது அவனுக்குக் குடியுரிமை தராது. சுவிஸில் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, பெற்றோர் யார் என்றுதான் பார்க்கிறார்கள். மகளின் கணக்கு வேறு சுவாரசியம். 8 முதல் 18 வயது வரை வாழ்ந்த வருடங்கள் குடியுரிமைக்கு இரட்டிப்பு. 2 வயதில் வந்தவள், 11 ஆகிறது, ஆக குடியுரிமைக்கு வேண்டிய 10 வருடக் கணக்கு அவளுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆனால் குடியுரிமை கேட்க முதலில் சி பெர்மிட் வேண்டும், கன்டோனும் கெமைண்டேயும் தனித்தனியாக வருடக் கணக்கு வைத்திருக்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதையும் அப்போது யோசிக்க வேண்டிவரும். இப்போதைக்கு, அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில் அவள் மேல்நிலையின் மூன்று பிரிவுகளான ரியாலா, செக்கா, பெட்ஸ்ஸா என்று தீர்மானமாகும். தமிழ் பேச வரும், படிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளை நடுவில் பிடுங்கிக் கோவையில் ஒரு பள்ளியில் நடுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் அது அவசரத்தில் செய்கிற காரியமும் இல்லை.

அம்மா

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், சொல்லித்தான் ஆகவேண்டும். சி பெர்மிட் வந்தாலும் அம்மாவைக் குடியிருக்கக் கூட்டிவர முடியாது. குடும்ப இணைப்பு என்பது கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. நீங்கள் சுவிஸ் குடிமகனே ஆனாலும், இந்தியாவில் இருக்கிற அம்மாவுக்கு அந்த வழி திறக்காது. 55 வயதுக்கு மேற்பட்ட ஓய்வுபெற்றவர்களுக்கு என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு நல்ல சொத்தும் சுவிஸோடு தனிப்பட்ட நெருங்கிய தொடர்பும் காட்ட வேண்டும், மகன் இங்கே இருக்கிறான் என்பதை மட்டும் நடைமுறையில் போதுமானதாக எடுத்துக்கொள்வதில்லை.

கிடைக்கக்கூடியது விசிட் விசா. 180 நாளில் 90 நாள். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு, உங்களிடமிருந்து 30,000 பிராங்குக்குப் பொறுப்பேற்புக் கடிதம் கேட்கலாம். கோடையில் அவர் வந்து மூன்று மாதம் இருக்கலாம், 71 வயதில் இடுப்பு வலியோடு அந்த விமானத்தில் உட்கார அவருக்கு மனசு இருந்தால். அதை அவரிடம் கேட்டீர்களா? பொள்ளாச்சியில் தென்னந்தோப்பும் அக்கம்பக்கமும் பழகியவர், நான்காம் மாடி ஃபிளாட்டில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் விரும்புவார் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, ராத்திரி கூட இருக்க ஒரு ஆள், இது மூன்றும் எந்தப் பெர்மிட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஊருக்கே போவதென்றால்

போகக் கூடாது என்று சொல்லவில்லை. அம்மாவுக்காகத் திரும்புவது நியாயமான ஆசை, கேள்வி எப்போது என்பதுதான். இப்போது பி பெர்மிட்டோடு கிளம்பிவிட்டால் மறுபடி வர ஒதுக்கீட்டு வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். சி பெர்மிட் வந்த பிறகு என்றால், கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பித்து, அதை 4 வருடம் வரை உயிரோடு வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். கேட்காமல் போனால், பதிவை நீக்காவிட்டாலும் 6 மாதத்தில் அது காலாவதி. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நாலு வருடத்தில் அம்மாவோடு இருந்துவிட்டு, மகள் கல்லூரிக்கு வரும் வயதில் திரும்புவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்யலாம்.

பென்ஷன்ஸ்காசே பணம், அதாவது இரண்டாம் தூண் என்று சொல்லும் கம்பெனி வழி ஓய்வூதிய நிதி, நாட்டை விட்டு நிரந்தரமாக இந்தியாவுக்குப் போனால்தான் மொத்தமாகக் கையில் வரும். அதற்கு மனைவியின் எழுத்துச் சம்மதம் கட்டாயம், எடுக்கும்போது வரியும் பிடிப்பார்கள். கோவை ஃபிளாட் கடனை அடைக்க இங்கே இருந்துகொண்டே எடுக்க முடியாது. வீட்டுக்கான முன்பணம் நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குத்தான். 4 வருடம் கழித்துத் திரும்பலாம் என்று சி பெர்மிட்டை வைத்துக்கொண்டே "நிரந்தரமாகப் போகிறேன்" என்று பணத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும், அந்த முடிவை ஒரு ஆலோசகரோடு உட்கார்ந்து எடுங்கள். இங்கேயே வேலை போனால், பணத்தை எந்த ஃப்ரைட்சூகிக்கைட் கணக்குக்கு (வேலை இல்லாத காலத்தில் ஓய்வூதியப் பணத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) அனுப்ப வேண்டும் என்று காசேக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அது பாட்டுக்கு அங்கே இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அதற்குள் அந்த ஒப்பந்தத்தையும், உங்கள் வேலை ஒப்பந்தத்தையும், பெர்மிட்டின் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடமோ தொழிற்சங்கத்திடமோ காட்டுங்கள். லீகல் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பலர் எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அறைக்குள் போனதும் வழக்கம்போல ஆங்கிலத்தில் தயங்காமல், ஒரே ஒரு வாக்கியத்தை ஜெர்மனில் சொல்லுங்கள்: "இஹ் உன்டர்ஷ்ரைபே ஹொய்டே நிஹ்ட்ஸ்." இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று அர்த்தம். அந்த "இஹ்" நம் வாயில் வராது. மனைவியிடம் பேசி முடித்த பிறகு மகளைக் கூப்பிட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள், சிரித்துவிட்டுத் திருத்திக் கொடுப்பாள்.